இருபது வருட வேலைக்கு ஒரு மணி நேரத் தேர்வு



வேலை செய்யும் இடத்தில் பெரியவர்களுக்குப் பயிற்சி, அதற்கு ஒரு தேர்வு என்று பேச்செடுத்தால் மேடைகளில் உடனே ஜெர்மனி வந்துவிடும், ஜப்பான் வந்துவிடும். இந்த உரை பெரும்பாலும் இடுக்கியையும் பாலக்காட்டையும் விட்டு நகராது. தமிழ் பேசுகிறவர்கள் கேரளத்து மண்ணில் உழைக்கும் எல்லைப் பகுதிகள் இவை. ஒரு பக்கம் தேயிலையும் ஏலமும், மறு பக்கம் இரும்பும் இயந்திரமும்.

ஏலத்திலிருந்து தொடங்கலாம்.

சீசன் நாட்களில் விடியுமுன்னே தேனி மாவட்டத்தின் கம்பம், தேவாரம், போடி பக்கமிருந்து ஜீப்புகள் மலையேறும். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி என்று மூன்று வழி. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மடியில் தூக்குவாளி. சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். உடும்பன்சோலைப் பக்கத்து ஏலக்காடுகளில் காய் எடுப்பது இவர்களும், அங்கேயே லயங்கள் எனும் வரிசை வீடுகளில் தங்கியிருப்பவர்களும்தான். இருபது, இருபத்தைந்து வருடமாக இதே வேலையில் இருப்பவர்கள் உண்டு. இவர்களில் பெரும்பாலோரிடம், இந்த வேலை தெரிந்தவர் என்று சொல்லும் தாள் ஒன்றுகூடக் கிடையாது.

அந்த வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் மேலே காய்க்காது. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்து கிடக்கும். குத்தவைத்து, சருகை விலக்கி, சரத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரே சரத்தில் நுனிப்பக்கம் பூ இருக்கும், நடுவில் பிஞ்சு இருக்கும், அடிப்பக்கம் முற்றிய காய் இருக்கும். எடுக்க வேண்டியது உள்ளே விதை கறுத்து, வெளியே தோல் இன்னும் பச்சையாக நிற்கிற காயை மட்டும். பிஞ்சை எடுத்தால் உலர்ந்ததும் சுருங்கிவிடும், எடை நிற்காது. பழுக்கவிட்டால், உலர்த்தும் ஸ்டோரில் காயும்போது வெடித்துவிடும். உள்ளே கறுத்துவிட்டதா என்று ஒவ்வொன்றையும் பிளந்தா பார்க்க முடியும்? தோலின் நிறத்தில், காயின் உருட்சியில், விரலில் படும் விறைப்பில் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. கை ஓடிக்கொண்டே இருக்கும். சரம் ஒடியக் கூடாது, பூ உதிரக் கூடாது. நாற்பது, நாற்பத்தைந்து நாளில் இதே செடிக்குத் திரும்பவும் வர வேண்டுமே.

பச்சைக் காய் ஏறத்தாழ ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலத்துக்குப் போகும்போது, 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நல்ல பச்சைக் காய்க்கு ஒரு விலை, வெடித்த காய்க்கு வேறு விலை. ஏல மண்டபத்தில் கூறப்படும் விலையில் ஒரு பங்கு, செடியடியில் உட்கார்ந்து அந்தப் பெண் எடுத்த முடிவுக்கு உரியது.

இப்போது இவருக்கு ஒரு தேர்வு வைக்க வேண்டும். வழக்கமான கேள்வித்தாள் எப்படி இருக்கும்? ஏலக்காய் அறுவடைக்கு ஏற்ற முதிர்ச்சி நிலை எது. அ, ஆ, இ, ஈ. கையேட்டை நேற்று இரவு படித்த பையன் சரியாகக் குறித்துவிடுவான். இருபது வருடம் காய் எடுத்தவர் கேள்வியையே இரண்டு தரம் படித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். இதற்குப் பதிலாக அவரைச் செடியடியில் உட்காரவைத்து, அரைமணி நேரம் காய் எடுக்கச் சொல்லி, பையிலிருந்து கைக்கு வந்தபடி பத்துக் காயை எடுத்துக் கத்தியால் பிளந்து பார்த்தால் போதும். எத்தனையில் விதை கறுத்திருக்கிறது, எத்தனை வெளுத்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். பிறகு அவர் விட்டுவந்த சரத்தைப் பார்க்க வேண்டும்: எடுக்க வேண்டியதை விட்டிருக்கிறாரா, பூ உதிர்ந்திருக்கிறதா? இந்தத் தேர்வுக்குக் கணினியும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம். ஏலம் தெரிந்த ஒருவரும் ஒரு பேனாக்கத்தியும் போதும்.

தொழில் பயிற்சியையும் சான்றையும் பற்றி அரசு யோசிக்காமல் இல்லை. சுதந்திரத்துக்குப் பின் 1950ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது; அதன் வழியாகத்தான் இன்று ஊருக்கு ஊர் ஐ.டி.ஐ. நிற்கிறது. 1961ல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. இரண்டுமே இளைஞர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நாற்பது வயதில் வேலை தெரிந்து, தாள் இல்லாமல் நிற்பவரைப் பற்றிய சிந்தனை வெகு தாமதமாக வந்தது. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டபோதுதான், எங்கே கற்றார் என்பதைவிட என்ன செய்யத் தெரியும் என்பதே கணக்கு என்ற கொள்கை அதிகாரபூர்வமாக இடம்பிடித்தது. 2015 ஜூலையில் தொடங்கிய பிரதமரின் திறன் வளர்ச்சித் திட்டத்தில் 'முன் கற்றலை அங்கீகரித்தல்' என்று தனிப் பிரிவே வைத்தார்கள். ஏற்கெனவே வேலை தெரிந்தவருக்கு 12 மணி நேர அறிமுக வகுப்பு, பிறகு மதிப்பீடு, தேறினால் சான்றிதழ், கையில் 500 ரூபாய். குறை தெரிந்தால் நிரப்ப 68 மணி நேரம் வரை இணைப்புப் பயிற்சியும் இருந்தது. தொழிலாளி வேலை செய்யும் இடத்திலேயே இதை நடத்தலாம் என்றும் வழி வைத்திருந்தார்கள்.

தாளில் இதற்குக் குறை சொல்ல முடியாது. செய்முறைத் தேர்வு வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சிக்கல் அமலில்தான். ஒரு முகாமைச் சமுதாயக்கூடத்தில் போட்டு, ஐம்பது பேரை நாற்காலியில் உட்காரவைத்தால், அங்கே ஏலச்செடி ஏது? செய்முறைத் தேர்வு வாய்மொழிக் கேள்வியாகிவிடும். வாய்மொழிக் கேள்வி வருகைப் பதிவாகிவிடும். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் பெறும் நிறுவனத்துக்கு ஆட்களைத் தேறவைப்பதில்தான் அக்கறை இருக்கும். உண்மையைச் சொல்வதில் அல்ல. துறைவாரியாகத் தகுதியை வரையறுத்து மதிப்பிடும் திறன் கவுன்சில்களை ஆராய அமைக்கப்பட்ட சாரதா பிரசாத் குழு 2016ல் கொடுத்த அறிக்கை இந்த நலன் முரணைக் கடுமையாகவே சுட்டியது. 2018 டிசம்பரில் தொழிற்கல்விக்கென்று தனி ஒழுங்குமுறைக் கவுன்சில் அறிவிக்கப்பட்டது அதற்குப் பிறகுதான்.

பாலக்காட்டுப் பக்கம் வந்தால் படம் மாறுகிறது. வாளையாறு தாண்டியதும் கஞ்சிக்கோடு. 1974ல் தொடங்கிய இன்ஸ்ட்ருமென்டேஷன் நிறுவனத்தின் வால்வு ஆலை, பி.இ.எம்.எல். ஆலை, அவற்றைச் சுற்றி இரும்பு உருக்கு ஆலைகளும் சிறு பட்டறைகளும். இங்கே கோவைப் பக்கத்துத் தமிழும் பாலக்காட்டுச் சித்தூரின் தமிழும் சேர்ந்தே கேட்கும். இந்தத் தொழில்களில் தேர்வு என்பது என்றைக்கும் பொருளின் மேல்தான். பிட்டரிடம் இரும்புத் துண்டைக் கொடுத்து, வரைபடத்தைக் கொடுத்து, அராவிப் பொருத்தச் சொல்வார்கள். முடிந்ததும் வெர்னியர் வைத்து அளப்பார்கள். அளவு சரியாக இருந்தால் தேறினார், இல்லையென்றால் இல்லை. வெல்டரின் தையலை வளைத்துப் பார்ப்பார்கள். 2021ல் சவுதி அரேபியா, தன் நாட்டுக்கு வரும் பிளம்பர், எலெக்ட்ரீசியன் போன்றோருக்குக் கொண்டுவந்த திறன் சரிபார்ப்பிலும் எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வு உண்டு. இரும்பு வேலைக்கு இப்படி என்றால், செடி வேலைக்கு மட்டும் ஏன் கேள்வித்தாள்? செடியைத் தொடும் வேலையை வேலை தெரிந்தவர் செய்யும் வேலையாகவே எண்ணாத பழக்கம்தான் காரணம். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பக்கத்துக் கோவையில் செய்து கற்பதைப் பற்றி உரக்கப் பேசிய ஒருவர் இருந்தார். 1893ல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி.நாயுடு பள்ளிப் படிப்பில் அதிகம் போகாதவர். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப் பூட்டித்தான் இயந்திரம் கற்றார். 1920ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனி வழியில் தொழில் தொடங்கினார். 1945ல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் எழ அவரே கொடையாளி. பொறியியல் படிப்பை இத்தனை வருடம் இழுக்கத் தேவையில்லை, பட்டறையில் கைவைத்துக் கற்றால் பாதிக் காலம் போதும் என்று வாதாடினார். அரசு ஒப்பவில்லை, அவரும் விலகிக்கொண்டார். அவர் சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல முடியாது. அவசரக்காரர், கணிதத்துக்கும் கோட்பாட்டுக்கும் தேவைப்படும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிட்டார். ஆனால் வேலையில் கற்றவனுக்கு வாசல் ஒன்று வேண்டும் என்ற அவருடைய கேள்விக்கு அதன்பின் எழுபது வருடம் கழித்துத்தான் அரசாணை வடிவில் பதில் வந்தது.

ஆனால் அனுபவம் உள்ளவர் சொல்வதெல்லாம் வேதம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அனுபவம் தவறையும் ஆழமாகப் பதியவைக்கும். மருந்தடிப்பதை எடுத்துக்கொள்வோம். ஏலக்காடு மருந்து அதிகம் குடிக்கும் காடு. எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து கேரளத்தில் 2005லேயே தடை செய்யப்பட்டது. நாடு முழுவதும் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது 2011ல். மற்ற மருந்துகள் இருந்துகொண்டுதான் இருக்கின்றன. டப்பாவின் மேல் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம். சிவப்பு என்றால் கொடிய நஞ்சு, மஞ்சள் அடுத்தது, நீலம் அதற்கும் அடுத்தது, பச்சை கடைசி. பதினைந்து வருடம் மருந்தடித்தவருக்கும் இந்த நிறங்களின் பொருள் தெரியாமல் இருக்கலாம். காற்று வரும் திசையைப் பார்த்து நிற்பார். ஆனால் அடைத்த நாசிலை வாயால் ஊதிச் சரிசெய்வார். ஒன்று அனுபவம் தந்த அறிவு, மற்றது அனுபவம் தந்த ஆபத்து. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும். இங்கேதான் மதிப்பீட்டுக்கு உண்மையான வேலை இருக்கிறது. அவருக்குத் தெரிந்ததைத் திரும்பக் கற்பித்து அலுப்பூட்டாமல், தெரியாத அந்த இரண்டு மூன்றை மட்டும் பிடித்துக் காட்ட வேண்டும். கேட்க வேண்டிய கேள்வியும் எளிது: நான்கு டப்பாவை முன்னே வைத்து, எதை எடுக்கும்போது அதிகம் பயப்படுவீர்கள் என்று கேட்டால் போதும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பூச்சிமருந்து விற்பவருக்கு இன்று கல்வித் தகுதி கட்டாயம். உரமும் மருந்தும் விற்கும் கடைக்காரர்களுக்கென்று ஐதராபாத்தின் வேளாண் விரிவாக்க நிறுவனமான மேனேஜ் 2003ல் ஒரு டிப்ளமோவே தொடங்கியது. 48 வாரம், வாரத்தில் ஒரு நாள். பெரும்பகுதி வகுப்பு, எட்டு முறை வயலுக்கு நேரில் போவது. கடையை மூடாமல், பிழைப்பைக் கெடுக்காமல், நடுவயதுக்காரர்களைப் படிக்கவைக்கும் நல்ல அமைப்பு. பெரியவர்களுக்குப் பயிற்சி வைக்க விரும்புகிறவர்கள் இந்தக் கால அட்டவணையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் மருந்தைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் தள்ளுகிறவர் ஒரு வருடம் படிக்கிறார். அதை முதுகில் சுமந்து, மூச்சில் வாங்கி, காட்டுக்குள் அடிக்கிற கூலியாளிடம் எந்தச் சான்றும் கேட்பதில்லை.

அடுத்தது மொழி. 1956 நவம்பரில் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு இருந்துவிட்டன; தமிழர்கள் அங்கேயே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தூர் பக்கமும் வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். பேச்சுக்கு இது தடையே இல்லை. மூணாறு பஜாரில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். எழுத்து என்று வரும்போதுதான் இடிக்கிறது. மலையாளம் சரளமாகப் பேசும் தொழிலாளிக்கு மலையாள எழுத்து தெரியாமல் இருக்கலாம். கேள்வித்தாள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், அங்கே அளக்கப்படுவது தொழில் அறிவு அல்ல. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே கடிதம் எழுத இடம் தந்திருக்கிறது. மனு எழுதத் தமிழ் உண்டென்றால் தேர்வுக்கும் உண்டு என்று கேட்பதில் தவறில்லை. இலங்கையில் ஏழு நிலை கொண்ட தேசிய தொழில் தகைமை முறை இருக்கிறது. அதிலும் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் வழி உண்டு. தமிழ் அங்கே ஆட்சிமொழி என்பதால், மலையகத் தமிழர் ஒருவர் தன் மொழியில் தேர்வு கேட்டால் அது சலுகை ஆகாது.

பெரியவர்கள் படிக்கத் தயங்குவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கேரளத்தில் அதைச் சொல்வது கஷ்டம். 2018ல் எழுத்தறிவு இயக்கத்தின் அட்சரலட்சம் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கியவர் ஆலப்புழையைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா. அப்போது வயது 96. பெரியவர்கள் அஞ்சுவது படிப்புக்கு அல்ல, நாலு பேர் முன்னே தோற்பதற்கு. ஆஸ்திரேலியாவில் வேலையிடத் தேர்வின் முடிவைத் தோல்வி என்று எழுதுவதில்லை. இன்னும் தேறவில்லை என்றுதான் எழுதுகிறார்கள். குறையை நிரப்பிக்கொண்டு திரும்ப வரலாம். வெறும் மரியாதைப் பேச்சு என்று இதைத் தள்ள வேண்டியதில்லை. பேரன் படிக்கும் பள்ளியின் வராந்தாவில் தேர்வெழுதி, தோற்றார் என்று பெயர் வாங்கிய ஒருவர் மறுபடி அந்தப் பக்கம் தலைகாட்டமாட்டார்.

தோட்டத்துக்குள்ளேயே நடந்த நல்ல முன்மாதிரி ஒன்றும் உண்டு. தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் சங்கமான உபாசி, 1970களில் டாக்டர் ரஹ்மத்துல்லாவின் வழிகாட்டலில் ஒரு தொழிலாளர் நலத் திட்டம் நடத்தியது. அதில் வெளியிலிருந்து செவிலியரைக் கொண்டுவராமல், லயத்தில் வாழும் தொழிலாளர்களிலேயே ஆள் தேர்ந்து 'இணைப்புத் தொழிலாளர்' என்று பயிற்சி கொடுத்தார்கள். ஏறத்தாழ இருபது குடும்பத்துக்கு ஒருவர். குழந்தைக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிக்குப் பரிசோதனை, குடிநீர், கழிப்பறை என்று தன் வரிசை வீடுகளுக்கு அவர்தான் பொறுப்பு. அவருக்கு வைத்த தேர்வு எது? அந்த இருபது வீட்டின் நிலைமைதான். தடுப்பூசி போடாத குழந்தை ஒன்று இருந்தால் அது அப்படியே கண்ணில் படும்.

தேயிலையில் இன்னும் விசித்திரம். அங்கே மதிப்பீடு தினம் நடக்கிறது. யாரும் அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். கொழுந்து ஃபேக்டரிக்குப் போனதும் ஒரு பிடி எடுத்துப் பிரித்து, இரண்டு இலை ஒரு மொட்டு எவ்வளவு, முற்றல் எவ்வளவு, நசுங்கியது எவ்வளவு என்று கணக்கெடுப்பார்கள். உலகத்தில் எந்தப் பயிற்சி நிலையமும் இவ்வளவு நேர்மையான தேர்வுத்தாளை நாள் தவறாமல் திருத்துவதில்லை. ஆனால் அந்த முடிவு கொழுந்தெடுத்த பெண்ணிடம் பாடமாகத் திரும்பி வருவது குறைவு. எடைக் கழிவாக வரும், கங்காணியின் ஏச்சாக வரும். எந்த இலையை விட்டிருக்க வேண்டும், எங்கே கிள்ளியிருக்க வேண்டும் என்று அந்தச் செடியின் முன்னாலேயே காட்டினால் அது பயிற்சி.

அமெரிக்காவில் 1940களின் தொடக்கத்தில், போர்க்காலத்தில், தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை கற்பிக்க ஒரு முறை வகுத்தார்கள். கற்பவரைத் தயார்செய், செய்து காட்டு, அவரையே செய்யவிட்டு, ஏன் அப்படிச் செய்தார் என்று சொல்லச் சொல், பிறகு விட்டுவிடாமல் போய்ப் பார். நான்கே படி. இதை அவர்கள் தொழிலாளிக்குக் கற்பிக்கவில்லை, மேற்பார்வையாளருக்குக் கற்பித்தார்கள். நமது தோட்டங்களிலும் முதலில் வகுப்பில் உட்கார வேண்டியவர் கங்காணியும் ஃபீல்டு ஆபீசரும்தான். அவர்கள் கற்பிக்க வேண்டியதும் மாறிக்கொண்டே இருக்கிறது: கையால் கிள்ளிய இடத்தில் ஆள் பற்றாக்குறையால் கத்தரி வந்தது, பிறகு இயந்திரம் வந்தது. கத்தரி மட்டம் கொஞ்சம் இறங்கினால் தாய் இலை போய்விடும், செடி தேற நாளாகும். இருபது வருடம் விரலால் கற்ற ஒருவர், நாற்பத்தைந்து வயதில் இன்னொரு கருவியைப் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. கையில் கத்தரியைக் கொடுத்து, பழகிக்கொள் என்று விட்டுவிடுவது பயிற்சி ஆகாது.

கூலிக்கு வருவோம். 2005ல் டாடா டீ விலகி, மூணாறில் கண்ணன் தேவன் ஹில்ஸ் கம்பெனி உருவானபோது தொழிலாளர்களும் பங்குதாரர்கள் ஆனார்கள். பத்து வருடம் கழித்து, 2015 செப்டம்பரில், அதே பங்குதாரப் பெண்கள் போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயர் நாடெங்கும் தெரிந்தது அப்போதுதான். சங்கத் தலைவர்களையே ஒதுக்கி வைத்துவிட்டு நடத்திய போராட்டம் அது. 20 சதவீதம் பெற்றுத்தான் எழுந்தார்கள். அடுத்த மாதம் தோட்டத் தொழிலாளர் கமிட்டியில் தேயிலைக் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. எடுக்க வேண்டிய கொழுந்தும் 21 கிலோவிலிருந்து 25 ஆனது. பேச்சு முழுவதும் கிலோவும் ரூபாயும்தான். திறமை என்ற தலைப்பில் கூலி அட்டையில் இன்றும் ஒரு வரி கிடையாது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் முப்பது வருடம் எடுத்தவருக்கும் அடிப்படைக் கூலியில் பெரிய வித்தியாசம் இல்லை. கிலோ கூடினால்தான் காசு கூடும்.

சான்றிதழ் முகாம்கள் எடுபடாததற்கு மூல காரணம் இது. ஒரு நாள் கூலியை விட்டு வந்து தேர்வெழுதி, 500 ரூபாயும் ஒரு தாளும் வாங்கிக்கொண்டு மறுநாள் அதே கூலிக்கு அதே கூடையைத் தூக்கியவரிடம், அடுத்த முகாமுக்கும் வாருங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே இந்த அவையின் வழியாக ஒரு வேண்டுகோள். கம்பெனிகளும் சங்கங்களும் அரசும் ஒரே மேஜையில் உட்காரும் இடம் கேரளத்தின் தோட்டத் தொழிலாளர் கமிட்டி. அடுத்த கூலி ஒப்பந்தத்தில் தேறிய தொழிலாளிக்கு நாள் கூலியில் தனிப்படி ஒன்றை எழுதுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் சரி. தேர்வைச் சீசனில், செடியடியில், வேலை நேரத்திலேயே, அன்றைய கூலியைப் பிடிக்காமல் நடத்துங்கள். தமிழ் தெரிந்த, ஏலமும் தேயிலையும் தெரிந்த ஆட்களை மதிப்பீட்டாளராகப் போடுங்கள். ஓய்வு பெற்ற தொழிலாளர்களிலேயே அப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மருந்தடிப்பவர் மட்டும் பயிற்சி இல்லாமல் பம்ப்பைத் தொடக்கூடாது என்று கட்டாயமாக்குங்கள். அதற்குத் தனிப்படி வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.